உட்கட்சித் தேர்தலும் ஊரார் வாக்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடியாட்சி நெறியைப் பற்றி ஆண்டுதோறும் ஒருவர் இம்மேடையிலே பேச வேண்டும் என்று விதித்து இவ்வறக்கட்டளையை வைத்தவர்கள், இவ்வாண்டு அப்பொறுப்பை அரசியல் சாஸ்திரம் முறையாகப் பயின்ற ஒருவருக்குக் கொடுக்காமல், திருச்சிராப்பள்ளியில் இரசாயனம் படித்து, அந்தப் படிப்பைக் கொண்டே அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலே முப்பது ஆண்டுக் காலம் ஜீவனம் நடத்தி, அந்நாட்டுப் பிரஜையாகியும் இன்றுவரையில் அங்குள்ள கட்சி எதற்கும் பெயர் கொடாதிருக்கிற எனக்குக் கொடுத்ததன் காரணம் யாதாயிருக்கலாம் என்று சிந்தித்துப் பார்த்தேன். வாக்குச் சாவடியின் வாசலிலே கண்டதைச் சொல் என்பதே அவர்கள் உள்ளக் கிடக்கையாக இருக்க வேண்டும் என்று கொண்டு, அவ்வாறே சொல்லத் துணிகிறேன்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்திலே நடைபெறும் பொதுத்தேர்தலைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் களத்தில் நிற்கப் போகும் அபேட்சகர் யார் என்பதைத் தீர்மானிப்பதற்கென்று இன்னொரு தேர்தல் நடக்கிறது. பிரைமரி என்பது அதன் பெயர். நம் பத்திரிகைகள் அதனை உட்கட்சித் தேர்தல் என்று தமிழாக்கி எழுதி வருகின்றன. அந்தத் தமிழ்ச் சொல்லோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. நம் நாட்டிலே கட்சித் தலைமையிடம் கட்டணம் கட்டி விருப்ப மனுக் கொடுத்தவர்களையெல்லாம் தலைமை நிலையத்திற்கு வரவழைத்து, நேர்காணல் நடத்தி, இன்னாருக்குச் சீட்டு என்று அறிவிக்கிறார்களே, அது கட்சிக்குள் நடக்கும் காரியம். அதில் வெளியார் தலையிட இடமில்லை, செலவும் வெளியாருடையது அன்று. பிரைமரியோ அப்படிப்பட்டதன்று. சாவடிக்கு இடம் பார்ப்பது சர்க்கார். வாக்குச் சீட்டை அச்சிடுவது சர்க்கார். அங்கே காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கும் அலுவலர்களுக்குப் படி கொடுப்பது சர்க்கார். எண்ணி முடிவை அறிவிப்பதும் சர்க்கார். வரி செலுத்தும் ஊரார் அனைவரின் பணத்திலே நடக்கும் ஒரு தேர்தலை உட்கட்சித் தேர்தல் என்று அழைப்பது பொருந்துமா என்பதே இன்று நான் தங்கள் முன் வைக்கப்போகும் கேள்வி.

நான் பிரஜாவுரிமை பெற்ற நாளை நினைவுகூர்கிறேன். பல தேசங்களிலிருந்து வந்த மக்களோடு எழுந்து நின்று, வலக்கையை உயர்த்தி, அந்நாட்டின் அரசியல் சாசனத்திற்கு மெய்யான விசுவாசத்தோடு நடந்துகொள்வேன் என்று பிரமாணம் செய்தேன். பிறந்த மண்ணின் மீதுள்ள பிரஜாபந்தத்தை வாயால் துறப்பது எளிதான செயலன்று. அதைச் செய்த எவருக்கும் அந்தக் கணத்தின் கனம் தெரியும். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும், வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் படிவத்தை ஒருவர் கையில் கொடுத்தார். பெயர், முகவரி, பிறந்த நாள் இவற்றுக்குக் கீழே கட்சி என்று ஒரு கட்டம் இருந்தது. சாசனத்திற்கு விசுவாசம் தெரிவித்துவிட்டு வந்த சூடு ஆறுவதற்குள் இரண்டாவது விசுவாசம் ஒன்றைக் கேட்கிறார்களே என்று திகைத்து, கட்சி எதுவுமில்லை என்பதற்குரிய கட்டத்திலே குறியிட்டேன். அது வெறுப்பினாலோ அலட்சியத்தினாலோ செய்ததன்று. ஒரு கட்சியார் சொல்லும் பொருளாதாரமும் மற்றக் கட்சியார் சொல்லும் வேறு சிலவும் எனக்கு உடன்பாடாயிருந்தன; ஒவ்வொரு தேர்தலிலும் மனிதரைப் பார்த்து, அவர் செய்ததைப் பார்த்து வாக்களிப்பதே நேர்மை என்று எண்ணினேன். அந்த ஒரு குறிக்கு நான் கொடுக்கப்போகும் விலை இன்னதென்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

2021ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. கொள்ளை நோய்க் காலம். எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். எங்கள் பகுதிக்குச் சாவடி, தீயணைப்பு நிலையத்தின் கூடம். சிவப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, அவை நின்ற இடத்தில் மடக்கு மேசைகளைப் போட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரையிலே சக்கரங்களின் தடமும் எண்ணெய்க் கறையும் இருந்தன. என் மனைவி ஒரு கட்சியில் பதிந்தவள். மேசைக்குப் பின்னே இருந்த மூதாட்டி, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வசிப்பவர், பதிவேட்டிலே எங்கள் பெயர்களைத் தேடி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவளிடம் ஒரு நீண்ட சீட்டை நீட்டினார். மாநில உச்ச நீதிமன்றத்து நீதிபதி முதல் எங்கள் பள்ளி நிர்வாகக் குழு வரையில் பதவிகளும் பெயர்களுமாக அது நிறைந்திருந்தது. என்னிடம் நீட்டிய சீட்டிலே மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை. நான்கு வினாக்கள் மட்டும் இருந்தன: ஆளுநரின் நெருக்கடிக்கால அதிகாரத்தைப் பற்றிய சாசனத் திருத்தங்கள் இரண்டு, இன வேற்றுமை காட்டலாகாது என்னும் திருத்தம் ஒன்று, தீயணைப்புத் துறையினருக்குக் கடனுதவி அளிப்பது பற்றிய வினா ஒன்று.

"இவ்வளவுதானா அம்மா?" என்று கேட்டேன்.

"நீங்கள் கட்சியில் இல்லையே, ஐயா. சட்டம் அப்படி இருக்கிறது, எனக்கும் வருத்தம்தான்" என்று அந்த அம்மையார் சொன்னார். அவர் குரலில் இருந்த பரிவை நான் குறை கூற மாட்டேன்.

மாநிலத்தின் அடிப்படைச் சாசனத்தையே திருத்துவதற்கு என்னுடைய புத்தி போதும் என்று நம்பிய சட்டம், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை நிர்வகிப்பவர் யார் என்று சொல்லும் புத்தி எனக்கு இல்லை என்று அன்று தீர்மானித்திருந்தது. நான்கு வினாக்களுக்கும் விடை குறித்துவிட்டு, மனைவி தன் நீண்ட சீட்டை முடித்து வரும்வரையில் வாசலிலே நின்றிருந்தேன். ஜூலை மாதத்திலே பள்ளி வரிக்கான ரசீது, கட்சியைக் கேளாமல், வழக்கம்போல் என் பெயருக்கும் வந்தது.

நவம்பரில் வாக்களிக்கலாமே, அப்போது உம்மை யார் தடுத்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதற்குப் பென்சில்வேனியாவின் நடைமுறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அங்கே பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் கீழ் நீதிமன்றங்களின் நீதிபதிப் பதவிகளுக்கும் நிற்கும் ஒருவர், இரண்டு கட்சிகளின் பிரைமரியிலும் ஒரே சமயத்தில் மனுச் செய்யலாம். இரண்டிலும் அவரே வென்றுவிட்டால், நவம்பர்ச் சீட்டிலே இரு கட்சிகளின் சார்பிலும் அவர் பெயரே அச்சாகும். எதிர்த்து நிற்பார் பெரும்பாலும் இரார். மே மாதமே கதை முடிந்துவிட்டது. இன்னொரு வகையும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள ஃபிலடெல்பியா மாநகரத்திலே 1952ஆம் ஆண்டு முதல் இன்றுவரை மேயர் பதவியில் அமர்ந்தவர் அனைவரும் ஜனநாயகக் கட்சியினர். அந்நகரிலே மேயர் யார் என்பது அக்கட்சியின் பிரைமரியிலேதான் நிச்சயமாகிறது. 2023ஆம் ஆண்டு மே மாதம் பல அபேட்சகர்கள் போட்டியிட்ட அந்தப் பிரைமரியில் பதிவான வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பெற்ற செரல் பார்க்கர் அம்மையார் வென்றார். நவம்பரில் அவரது வெற்றியைப் பற்றி எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அம்மையாரின் தகுதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஒரு மாநகரத்தின் தலைமையை நிச்சயித்த நாளிலே, கட்சி சாராத குடிகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதையே சொல்ல வருகிறேன். இப்படிப்பட்ட இடத்திலே நவம்பர் வாக்கு என்பது, கலியாணம் முடிந்து பந்தி கலைந்த பிறகு வந்த அழைப்பிதழ் போன்றது.

இந்தப் பிரைமரி முறை எதற்காகத் தோன்றியது என்பதை நினைத்தால் மனம் இன்னும் வேதனைப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அபேட்சகர்களைத் தெரிந்தெடுத்தவர்கள் கட்சி மேலிடத்தார். மூடிய அறையிலே, இருப்புப்பாதைக் கம்பெனிகளின் செல்வாக்கிலே அது நடந்தது. அதனை எதிர்த்து எழுந்தவர்களில் தலையாயவர் விஸ்கான்சின் மாநிலத்து ராபர்ட் லா ஃபாலெட். ஆளுநராக இருந்து அவர் கொணர்ந்த நேரடிப் பிரைமரிச் சட்டம் 1903ல் நிறைவேறி, 1904ல் மாநில மக்களின் வாக்கெடுப்பிலே உறுதி பெற்றது. கட்சித் தலைவர்களின் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக் குடிமக்கள் கையிலே கொடுப்பதே அவருடைய நோக்கம். விஸ்கான்சினில் இன்றும் வாக்காளர் தம் கட்சியைப் பதிவு செய்வதே இல்லை; சாவடியின் திரைக்குப் பின்னே, தாம் விரும்பும் கட்சியின் அபேட்சகர்களுக்கு வாக்களித்துவிட்டு வருகிறார். ஆனால் அந்தச் சீர்திருத்தம் மாநிலம் மாநிலமாகப் பரவியபோது, பல இடங்களிலே கட்சிகள் அதனை ஏற்றுக்கொண்டு, வாசலில் மட்டும் தங்கள் காவற்காரரை நிறுத்திவிட்டன. பென்சில்வேனியாவின் மூடிய பிரைமரிக்கு 1937ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டம் அடிப்படை.

காவல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நியூயார்க் மாநிலம் ஓர் உதாரணம். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி அங்கே ஜனாதிபதிப் பிரைமரி நடந்தது. ஏற்கெனவே பதிவு பெற்ற ஒருவர் அதிலே வாக்களிக்கும் பொருட்டுத் தம் கட்சிப் பதிவை மாற்றிக்கொள்ள விரும்பினால், அதற்குக் கடைசி நாள் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 9. நூற்றுத் தொண்ணூற்று மூன்று நாட்களுக்கு முன்னதாக! போட்டியிடுவோர் எல்லோரும் மேடையேறி முடிக்கும் முன்பே, யாரை ஆதரிக்கப் போகிறோம் என்று வாக்காளன் முடிவு செய்தாக வேண்டும். அவ்வாண்டு போட்டியிட்ட டொனால்ட் டிரம்ப்பின் புதல்வியும் புதல்வர் ஒருவரும்கூட அந்தக் காலவரையறையைத் தவறவிட்டு, சொந்தத் தந்தைக்கு வாக்களிக்க இயலாமற் போனார்கள். இத்தகைய நீண்ட காத்திருப்பைச் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973லேயே ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே தீர்ப்பளித்திருந்தது. எதிர்க்கட்சியார் திட்டமிட்டு உள்ளே புகுந்து பலவீனமான அபேட்சகரைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடும் என்பது அதற்குச் சொன்ன சமாதானம். 2019ல்தான் சட்டமன்றம் அந்த நாளைப் பிப்ரவரிக்குத் தள்ளி வைத்தது.

வர்ஜீனியாவிலே கட்சிப் பதிவே கிடையாது. ஆகவே அங்கே வேறோர் ஏற்பாடு செய்யப் பார்த்தார்கள். 2012ஆம் ஆண்டுப் பிரைமரியில் வாக்களிக்க வருவோர், நவம்பரில் குடியரசுக் கட்சியின் அபேட்சகரையே ஆதரிக்க எண்ணுவதாக ஒரு தாளிலே கையொப்பமிட வேண்டும் என்று அக்கட்சி முதலில் விதித்தது. இரகசிய வாக்கு என்னும் புனிதமான ஏற்பாடு இருக்கும் நாட்டிலே, இன்னும் அளிக்காத வாக்கைக் குறித்து முன்கூட்டியே ஒரு வாக்குமூலம்! எதிர்ப்புக் கிளம்பவே, ஜனவரி மாதத்திலே கட்சியே அதனைக் கைவிட்டது. கைவிட்டார்கள் என்பது ஆறுதல். அப்படி ஒரு தாளை அச்சிடலாம் என்று தோன்றியதே எனக்குக் கவலை.

ஃபுளோரிடாவில் நடப்பதோ இவற்றையெல்லாம் விஞ்சியது. ஒரு பதவிக்கு நிற்பவர் அனைவரும் ஒரே கட்சியினராக இருந்து, வெற்றி பெறுபவருக்குப் பொதுத்தேர்தலில் எதிரி இல்லை என்றால், அந்தப் பிரைமரியில் எல்லா வாக்காளரும் பங்கு பெறலாம் என்று 1998ல் அம்மாநில மக்கள் தங்கள் சாசனத்திலே எழுதினார்கள். மிக நேர்மையான விதி. ஆனால் அங்கே எழுதி-நிரப்பும் அபேட்சகர் என்று ஒரு வகை உண்டு. கட்டணம் இல்லை, கையெழுத்துத் திரட்ட வேண்டியதில்லை, சீட்டிலே பெயரும் அச்சாகாது, ஒரு வெற்றுக்கோடு மட்டும் இருக்கும். அப்படி ஒருவர் மனுச் செய்துவிட்டாலே எதிரி இருப்பதாக ஆகிவிடும், கதவும் மூடிக்கொள்ளும். சாசனத்திலே மக்கள் திறந்து வைத்த கதவை ஒரு வெற்றுக்கோடு அடைக்கிறது.

இனி, கட்சியார் பக்கத்து வாதத்தையும் அதற்குரிய மரியாதையோடு எடுத்துரைக்க வேண்டும். ஒரு கொள்கையைப் பற்றி நிற்கும் மனிதர்கள் ஒன்று கூடுவது அவர்களுடைய பிறப்புரிமை. தங்கள் பெயரால் பேசப்போகிறவர் யார் என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். வழிப்போக்கரை அழைத்து வீட்டுத் தலைவரைத் தெரிந்தெடுக்கச் சொல்வார் உண்டா என்று அவர்கள் கேட்கிறார்கள். உச்ச நீதிமன்றமும் இதனை ஏற்றிருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்துக் குடியரசுக் கட்சி, கட்சி சாராதாரும் எங்கள் பிரைமரிக்கு வரட்டும் என்று விரும்பியபோது மாநிலச் சட்டம் தடுத்தது. அச்சட்டம் செல்லாது, அழைப்பது கட்சியின் உரிமை என்று 1986ல் தீர்ப்பாயிற்று. கலிபோர்னியாவிலே எல்லோரும் எல்லாக் கட்சி அபேட்சகருக்கும் வாக்களிக்கலாம் என்று மக்கள் இயற்றிய சட்டத்தைக் கட்சிகள் எதிர்த்தபோது, விலக்குவதும் கட்சியின் உரிமை என்று 2000ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று விளங்கும்: கதவு திறந்தாலும் மூடினாலும் சாவி கட்சியிடமே இருக்கிறது.

கட்சியின் உரிமையை நான் மறுக்கவில்லை. தன் அபேட்சகரைத் தானே தெரிந்தெடுக்க விரும்பும் கட்சி, தன் பணத்திலே ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, தன் அங்கத்தினரை அழைத்து, மாநாடு கூட்டித் தெரிந்தெடுத்துக் கொள்ளட்டும். அந்த மண்டபத்தின் வாசற்படியில்கூட நான் கால் வைக்க மாட்டேன். ஊரார் பணத்தை வாங்கிக்கொண்டு, ஊராருக்குரிய பதவியை நிச்சயிக்கும் அதே காரியத்தை நடத்திவிட்டு, இது எங்கள் வீட்டு விஷயம் என்று சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. மேலும், அங்கே கட்சியின் அங்கத்தினர் என்பவர் யார்? சந்தா இல்லை, அட்டை இல்லை, கிளைக் கூட்டம் இல்லை, கொள்கை விளக்க வகுப்பு இல்லை. படிவத்திலே ஒரு கட்டத்தில் ஒரு குறி. தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்புவரை எங்கள் மாநிலத்தில் அதை மாற்றியும் கொள்ளலாம். அப்படியானால் மாற்றிக்கொள்வதுதானே என்று நண்பர்கள் பலமுறை சொன்னதுண்டு. மே மாதத்திற்கு ஒரு கட்சி, மறு மே மாதத்திற்கு இன்னொரு கட்சி என்று குறியை மாற்றிக்கொண்டே இருந்தால் வாக்கு கிடைக்கும். ஆனால் நான் நம்பாத ஒன்றை நம்புவதாகச் சர்க்கார் பதிவேட்டிலே எழுதிக் கொடுக்க வேண்டும். பொய் சொல்கிறவனுக்குத் திறந்து, உள்ளதை உள்ளபடி எழுதியவனுக்கு மூடுகிற கதவு நல்ல கதவன்று.

எங்கள் வீட்டு விஷயம் என்னும் அந்த வாதத்திற்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்திலே ஜனநாயகக் கட்சி அசைக்க முடியாத செல்வாக்கோடு இருந்த காலத்தில், அதன் பிரைமரியில் வெள்ளையரே வாக்களிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். மாநிலச் சட்டமே அவ்வாறு கூறியது. உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை 1927ல் ரத்து செய்தது. உடனே, கட்சி என்பது தனிப்பட்டோர் கூடிய சங்கம், சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்பது சங்கத்தின் விருப்பம் என்று வாதித்தார்கள். 1935ல் நீதிமன்றமும் அதற்கு இசைந்தது. ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவரான லோனி ஸ்மித் என்னும் கறுப்பினத்தவர், 1940ஆம் ஆண்டுப் பிரைமரியிலே தமக்குச் சீட்டுத் தர மறுத்தார்கள் என்று வழக்குத் தொடுத்தார். பின்னாளில் அந்நீதிமன்றத்திலேயே நீதிபதியாக அமர்ந்த தர்குட் மார்ஷல் அவருக்காக வாதாடினார். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, எண்மருக்கு ஒருவர் என்ற கணக்கிலே தீர்ப்பு வந்தது: சர்க்காரின் சட்டத்தால் அமைந்து, சர்க்காரின் தேர்தலிலே ஓர் அங்கமாக விளங்கும் பிரைமரியைத் தனிப்பட்ட சங்கத்தின் காரியம் என்று சொல்ல இடமில்லை. லோனி ஸ்மித்தும் அவர் இனத்தாரும் பட்ட அவமானத்தோடு என்னுடைய சங்கடத்தை ஒப்பிட நான் ஒருபோதும் துணியேன். பிறப்பால் வந்த நிறத்தை மாற்ற முடியாது, நானோ ஒரு கட்டத்தை மாற்றிக் குறித்தால் போதும். ஆயினும் அத்தீர்ப்பு பிரைமரி யாருடையது என்ற கேள்விக்குச் சொன்ன விடை, எனக்கும் உரிய விடை என்றே நம்புகிறேன்.

வழி என்ன? கலிபோர்னியா 2010ல் ஒரு வழி கண்டது: எல்லா அபேட்சகரும் ஒரே சீட்டிலே, எல்லா வாக்காளருக்கும் பொதுவாக, முதலிரண்டு இடம் பெறுவோர் நவம்பருக்குச் செல்வர். நெப்ராஸ்காவின் சட்டமன்றத் தேர்தலிலே செனட்டர் ஜார்ஜ் நோரிஸின் முயற்சியால் 1930களிலிருந்தே கட்சிப் பெயர் சீட்டில் அச்சாவதில்லை. ஆனால் மக்கள் எங்கும் இத்தகைய மாற்றத்தை வரவேற்கிறார்கள் என்று நான் சொன்னால் அது உண்மையாகாது. 2020ல் ஃபுளோரிடாவில் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் ஆதரித்தும், அறுபது வேண்டும் என்ற விதியால் தோற்றது; 2024ல் இடாஹோ, நெவாடா, தெற்கு டகோடா முதலிய மாநிலங்களில் இத்தகைய யோசனைகளை மக்களே நிராகரித்தார்கள். அதே தேர்தலில் அலாஸ்காவின் திறந்த முறை, சுமார் எழுநூற்று நாற்பது வாக்குகளிலே உயிர் தப்பியது. பல இடங்களிலே விருப்ப வரிசை முறை என்னும் புதிய எண்ணும் முறையையும் இதனோடு பிணைத்துக் கொடுத்தது ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு மருந்தை ஒரே குப்பியில் ஊற்றினால் நோயாளி சந்தேகிக்கத்தான் செய்வான்.

ஆகவே நான் கேட்பது சிறியது. நியூ ஹாம்ப்ஷயரிலே கட்சி சாராத ஒருவர் சாவடிக்குச் சென்று, தாம் விரும்பும் ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கி வாக்களித்துவிட்டு, வெளியே வரும் வழியிலேயே ஓர் அட்டையில் கையொப்பமிட்டு மறுபடியும் கட்சி சாராதவராகிவிடலாம். கொலராடோவிலே 2016ல் மக்கள் நிறைவேற்றிய சட்டப்படி, கட்சி சாராதாருக்கு இரண்டு பெரிய கட்சிகளின் சீட்டுகளும் தபாலில் வருகின்றன. ஒன்றை மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டும், இரண்டையும் அனுப்பினால் இரண்டும் செல்லா. கட்சிகள் அங்கே அழிந்துவிடவில்லை. அவ்வளவு எங்கள் மாநிலத்திலும் செய்தால், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பென்சில்வேனியக் குடிகளுக்கு மே மாதத்திலே ஒரு முழுச் சீட்டுக் கிடைக்கும். அதற்கான மசோதாக்கள் எங்கள் சட்டமன்றத்திலே பலமுறை வந்திருக்கின்றன, இன்னும் சட்டமாகவில்லை.

இந்த மண்டபத்தில் இருப்போரில் பலருக்கு மகனோ மகளோ, மருமகனோ மருமகளோ அந்நாட்டிலே இருக்கக் கூடும். அவர்களில் வாக்குரிமை பெற்றவர்களும் இருக்கக் கூடும். அடுத்த முறை அவர்கள் தொலைபேசியிலே பேசும்போது, தங்கள் மாநிலத்தின் பிரைமரி திறந்ததா மூடியதா, பதிவுக்குக் கடைசி நாள் எது என்று கேளுங்கள். மூடிய மாநிலத்திலே இருக்கிறவர்களானால், தங்கள் சட்டமன்றப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். குறிப்பாக, கட்சியில் பதிந்திருக்கும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். நான் எழுதிய கடிதங்களுக்கு மரியாதையான பதில்கள் வந்திருக்கின்றன. ஆனால் மே மாதத்திலே தமக்கு வாக்களிக்கக் கூடியவர் எழுதும் கடிதத்தையே எந்தப் பிரதிநிதியும் முதலில் பிரித்துப் படிப்பார்.